பழைய கட்டிலுக்குப் புகுந்த வீடு

காரைக்குடி என்றால் நம் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பலகாரம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அடுத்தது கண்டாங்கிச் சேலை. 2019 ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை. அதுதான் பழைய மரச்சாமான்.

என் பெண்ணுக்கு ஏழாம் மாதம். பிரசவம் எங்கள் வீட்டில்தான். பேரக் குழந்தைக்குப் பழைய தேக்குத் தொட்டில் ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "புதுசா கடையில கிடைக்காதா?" என்றார் என் கணவர். கிடைக்கும். ஆனால் தூள் மரத்தை ஒட்டி மேலே தாள் போர்த்திய பலகை நான்கு வருஷத்தில் ஈரம் கோத்து உப்பிவிடுகிறதே! காரைக்குடியில் ஒரு தம்பதி வீட்டிலேயே பழைய சாமான்களைச் செப்பனிட்டு விற்கிறார்கள், நியாயமான மனிதர்கள் என்று என் சிநேகிதி ஒருத்தி சொல்லியிருந்தாள். இருவரும் கிளம்பிவிட்டோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் பஸ். திருமயம் கோட்டை பாறை மேல் நிற்பதை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டு வேளைக்குக் காரைக்குடி. வெயில் காலத்தில் போகாதீர்கள். செம்மண் பூமி, அனல் தாங்காது. மார்கழி, தை மாதங்கள் சௌகரியம்.

முனீஸ்வரன் கோயில் தெரு

பழைய சாமான் கடைகளுக்குப் பெயர் போனது முனீஸ்வரன் கோயில் தெரு. கடைகள் என்றால் கண்ணாடி போட்ட ஷோரூம் இல்லை. வாசலிலேயே சாமான் குவியல் ஆரம்பித்துவிடும். உள்ளே போனால் எங்கே காலை வைப்பது என்று தெரியாது. கதவு நிலைகள், தூண்கள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள், ரவிவர்மா படங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், சுவர்க் கடிகாரங்கள், கல்லாப்பெட்டிகள். பாத்திரங்களின் கழுத்தைப் பார்த்தீர்களானால் சின்னச் சின்ன எழுத்துக்கள் வெட்டியிருக்கும். அந்தக் குடும்பத்தின் விலாச எழுத்து. எந்த வீட்டுப் பெண்ணின் சீரோ, யார் கண்டார்கள்!

ஒரு கடையில் மரத்தை வட்டமாக வளைத்துச் செய்த பிரம்பு நாற்காலி ஒன்றைப் பார்த்தேன். நம் ஊர் பழைய ஹோட்டல்களிலும், வக்கீல் வீடுகளிலும் பார்த்திருப்போம். இந்த ரக நாற்காலியின் பூர்வீகம் வியன்னா. மிக்கேல் தோனெட் என்ற தச்சர் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1859 ஆம் ஆண்டில் தம்முடைய 14 ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தார். மொத்தம் ஆறே மரத்துண்டு, பத்துத் திருகாணி. 36 நாற்காலிகளைக் கழற்றி ஒரு கன மீட்டர் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவிடலாமாம். அப்படித்தான் அது உலகம் முழுவதும் போனது.

இவ்வளவு சாமான் எப்படி வந்தது?

நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்தவர்கள். பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். சம்பாதித்ததில் ஊரில் வீடு கட்டினார்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940 வரை கட்டிய வீடுகள்தாம் இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிறவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல் எல்லாம் கப்பலில் வந்தன. ஆத்தங்குடியில் உள்ளூர் மணலையும் சிமெண்டையும் வைத்துக் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணம் ஊற்றிச் செய்யும் தரைக்கல் இன்றும் கையாலேயே ஆகிறது.

பிறகு காலம் மாறியது. 1930 களில் நெல் விலை அடியோடு விழுந்தது. கடன் வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைக் கொடுத்தார்கள். 1942 இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள், பலர் நடந்தே. சுதந்திர பர்மாவில் நிலமும் போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்கு அண்ணன் தம்பி பிள்ளைகள், பேரன்கள் என்று எத்தனையோ பங்காளிகள். அவரவர் பிழைப்பு சென்னையிலும் வெளிநாட்டிலும். கல்யாணம், சாமி கும்பிடு என்றால் வருவார்கள். மற்ற நாளில் பூட்டு. ஓடு உடைந்து மழை இறங்கினால் பார்க்க ஆள் இல்லை. கடைசியில் வீட்டைப் பிரிக்கிறார்கள். பிரித்த வீட்டின் மரமும் சாமானும் இந்தத் தெருவுக்கு வருகின்றன.

செட்டிநாட்டு ஊர்களை 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் இருந்தால் ஓடு மாறிவிடாது அல்லவா?

கொல்லைப்புறத்துப் பட்டறை

நான் தேடிப் போன தம்பதி கடைத்தெருவில் இல்லை. ஊருக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக, ஓட்டு வீடு. வாசலில் போர்டு கிடையாது. திண்ணையில் இரண்டு நாற்காலி காயப்போட்டிருந்தது, அதுவே போர்டு.

"வாங்கக்கா, வாங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல மோர் குடிங்க" என்று வரவேற்றாள் அந்தப் பெண். முப்பத்தெட்டு வயது இருக்கும். பின்னால் கையெல்லாம் மரத்தூளோடு அவள் கணவன்.

அவன் நூல் ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனாம். ஆலை மூடியதும் வேலை போயிற்று. அவன் தாத்தா ஆசாரி வேலை பார்த்தவர். உளியும் இழைப்புளியும் பரணில் கிடந்தன. யாரோ தூக்கி எறிந்த இரண்டு நாற்காலியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிச் சரி செய்தார்கள். ஆயிரத்து நூறுக்குப் போயிற்று. அப்படி ஆரம்பித்து இப்போது பன்னிரண்டு வருஷம்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மரம் பார்ப்பது, உடைந்த காலை மாற்றுவது, ஆடுகிற இணைப்பைக் கழற்றி மறுபடி இறுக்குவது அவன். பிரம்பு பின்னுவது, பாலிஷ், கணக்கு நோட்டு எல்லாம் அவள். "இவரு விலை பேசினா யாராவது கண்ணைக் கசக்கினாலே குறைச்சுடுவாரு. அதனால விலை நாந்தான்" என்று சிரித்தாள்.

மரம் பார்ப்பது எப்படி?

தம்பி எங்களுக்கு ஒரு சின்னப் பாடமே நடத்தினான். வீட்டுக்குச் சாமான் வாங்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய சாமானை முன்னால் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டு எதையும் மறைக்கலாம், அடிப்பக்கம் பொய் சொல்லாது. மேல் பலகையும் அடிப்பலகையும் ஒரே மரமா? கால் நான்கும் ஒரே வயசா? அந்தக் காலத்து வேலையில் ஒரு மரத்தில் துளை குடைந்து இன்னொன்றின் நாக்கை அதில் செருகி மர ஆணி அடித்திருப்பார்கள். இரும்பு ஆணி நிறைய இருந்தால் யாரோ அவசரத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தேக்கு என்றால் மறைவான இடத்தில் லேசாக உப்புத்தாள் போட்டால் எண்ணெய்ப் பசையோடு ஒரு தனி வாசனை வரும். தோதகத்தி கனமாக, கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடு ஓடும். பலா முதலில் மஞ்சள், வயசாக ஆகப் பழுப்பு. வேங்கைத் துண்டைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் நிறம் மாறும்.

சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் பயந்து ஓட வேண்டாம். சாமானைத் தட்டி, கீழே வெள்ளைத்துணி விரித்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் புது மாவு உதிர்ந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, வாங்காதீர்கள். துளை கறுத்து, மாவு இல்லாமல் இருந்தால் அது பழைய கதை. கட்டில், பிரம்பு நாற்காலி என்றால் இடுக்குகளில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டைப்பூச்சியின் அடையாளம் அது. வீட்டுக்குள் எடுத்துப்போகும் முன்பே பிரம்பிலும் இடுக்கிலும் கொதிநீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட வேண்டும்.

அரக்குப் பாலிஷ்

அவள் போடுவது அரக்குப் பாலிஷ். ஜார்க்கண்ட் பக்கம் புரசு போன்ற மரங்களில் ஒரு வகைப் பூச்சி சுரப்பதுதான் அரக்கு. சுத்தம் செய்து மெல்லிய தகடாக விற்கிறார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் தகடு. கண்ணாடி பாட்டிலில் ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பழைய மல் துணியில் வடிகட்டுகிறாள். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் கறுத்துவிடும்.

சாமானை முதலில் நல்ல உப்புத்தாளால் மர ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, தூசி துடைத்து, பஞ்சைப் பழைய வேஷ்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, பாலிஷில் நனைத்து, மெல்லிசாக இழுக்கிறாள். ஒரு தடவை காய்ந்ததும் இன்னொன்று. ஏழெட்டுக் கை. "கனமா ஒரே தடவையில போட்டுடலாம்னு நினைச்சா பிசுபிசுன்னு நிக்கும். தோசை மாதிரி மெல்லிசா இழுக்கணும்க்கா" என்றாள். மழை நாளில் போடவே மாட்டாள். ஈரக்காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும்.

இதில் ஒரு சௌகரியம், எங்கேயாவது கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி இழுத்தால் பழசோடு கரைந்து சேர்ந்துவிடும். ஒரு குறை, சூடு ஆகாது. சாப்பாட்டு மேஜையில் சுடச்சுடக் குக்கரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மணை போட்டு வையுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு எச்சரிக்கை. அந்த ஸ்பிரிட் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். குழந்தை கைக்கு எட்டாமல், பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் கூடவே கூடாது. ஆளி விதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகுதான் எறிய வேண்டும்.

தொய்ந்துபோன பிரம்பு நாற்காலிக்கும் அவள் வழி சொன்னாள். பிரம்பு அறுந்திருக்கவில்லை என்றால், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நன்றாக ஈரமாக்கி, வெயிலில் காயவிட்டால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது!

பச்சைத் தொட்டில்

பேசிக்கொண்டே இருந்த நான் மூலையில் அதைப் பார்த்துவிட்டேன். கடைசல் கம்பிகளோடு, நான்கு மூலையிலும் கிளி உட்கார்ந்த தொட்டில். பச்சைப் பெயின்ட், கிளி மூக்கில் சிவப்பு. அங்கங்கே பெயின்ட் உரிந்து செதில் செதிலாக நின்றது. அடியில் தேக்கு தெரிந்தது.

"இதுதான்! எவ்வளவும்மா?" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அதை நான் குடுக்க மாட்டேன்க்கா."

"யாராவது சொல்லி வச்சிருக்காங்களா?"

"இல்லக்கா. அந்தப் பெயின்ட் அப்படி. குழந்தை வாய் வைக்கிற சாமான்."

பிறகுதான் அவள் தன் பையன் விஷயத்தைச் சொன்னாள். தொழில் ஆரம்பித்த புதிது. பையனுக்கு இரண்டு வயது. இந்த முற்றத்தில்தான் எல்லா வேலையும். பழைய ஜன்னல், கதவு, அலமாரி என்று வந்த சாமானில் பெயின்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளுவார்கள். தூள் பறக்கும். பையன் அதே தரையில் தவழ்ந்து, நடந்து, கையை வாயில் வைத்து வளர்ந்தான். கொஞ்ச நாளில் சாப்பாடு பிடிக்கவில்லை. அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல். முகம் வெளுத்துவிட்டது. பேச ஆரம்பித்த பிள்ளை மந்தமாகிவிட்டான். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். ஒரு டாக்டர் அம்மாதான், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டாராம். ரத்தத்தைச் சோதித்தால் ஈயம் அதிகமாக இருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லக்கா. சோறு போடற தொழிலே பிள்ளைக்கு விஷமாயிடுச்சேன்னு இவரு உளியைத் தூக்கிக் கிணத்துல போடப் போனாரு" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டே இருந்தான்.

விஷயம் இதுதான், சகோதரிகளே. முன் காலத்து எண்ணெய்ப் பெயின்டுகளில் நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயம் சேர்ப்பது வழக்கம். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் அதிகமாக இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016 இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அடித்த பெயின்ட் எல்லாம் இன்னும் நம் ஜன்னலிலும் கதவிலும் கட்டிலிலும்தான் இருக்கிறது.

பெரியவர்களை விடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்கிற வயசு. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்தால் வயிற்றுக் குழந்தைக்கும் போகும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக ஏறும்.

டாக்டர் சொன்னபடி அவர்கள் முதலில் பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு முழுவதையும் ஈரத்துணியால் பல தடவை துடைத்தார்கள். முற்றத்து மண்ணை மேலாக வாரி அப்புறப்படுத்தினார்கள். பையனுக்கு இரும்புச்சத்து மருந்து, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால். மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப ரத்தச் சோதனை. மெல்ல மெல்லத்தான் இறங்கியது. பையன் இப்போது எட்டாம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறான். "கணக்குல மட்டும் கொஞ்சம் திணர்றான். அது அதனாலயா, இயல்பாவே அப்படியான்னு யார்க்கா சொல்ல முடியும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தொழிலை விடவில்லை. விட்டால் சாப்பாடு? ஆனால் முறையை மாற்றிவிட்டார்கள். கொல்லைக் கோடியில் தனியாக ஒரு கொட்டகை. வீட்டுக்குள் எந்தச் சாமானும் பெயின்டோடு வராது. பெயின்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது அடியோடு கிடையாது. தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் சுரண்டுவார்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்குத் தூசு தடுக்கும் நல்ல முகமூடி. விளக்குமாறு போட்டுப் பெருக்குவதில்லை, ஈரத்துணிதான். வேலை முடிந்ததும் குளித்து, வேலைத் துணியைத் தனியாகத் துவைத்த பிறகே வீட்டுக்குள் வருவது. குழந்தைச் சாமானில் பெயின்ட் இருந்தால் விற்பதே இல்லை. "எவ்வளவு சுரண்டினாலும் கடைசல் இடுக்குல கொஞ்சம் நிக்கும்க்கா" என்றாள். அந்தப் பச்சைத் தொட்டில் வேறு சாமான்களோடு சேர்ந்து வந்ததாம். நல்ல விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. கொடுக்கவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. வீடு இடித்தால் வருகிற பழைய ஜன்னல் மரத்தை வெந்நீர் அடுப்பில் வைப்போம். பெயின்ட் அடித்த மரத்தை ஒருபோதும் எரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஈயம் வரும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

ஆச்சியின் பெட்டகம்

கிளம்பும் முன் ஒரு பெட்டகத்தைக் காட்டினார்கள். ஆறடி நீளம், பித்தளைப் பூண், கனத்த மூடி. பக்கத்து ஊர் ஆச்சி ஒருவருடையது. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாராம். பிள்ளைகள் வெளிநாட்டில். மழைக்கு முன் ஓடு மாற்றப் பணம் வேண்டும். தரகர் ஒருவர் நாலாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். ஆச்சிக்கும் சம்மதம்.

இந்தத் தம்பி போய்ப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது பர்மா தேக்கு. சுத்தம் பண்ணினா இருபதாயிரத்துக்குக் குறையாது. நாலாயிரத்துக்குக் குடுத்துடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான்.

ஆச்சி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க வந்தவன் விலையை ஏத்திச் சொல்றியே, நீ என்னத்தையப்பா பொழைக்கப் போற?" என்றாராம்.

அவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் தனியாக இருந்தால் உடனே வாங்குவதில்லை. முதலில் இவள் உட்கார்ந்து கேட்பாள், "ஆச்சி, இது உங்க சீர்ல வந்ததா, வீட்டுப் பொதுச் சாமானா?" என்று. பொது என்றால் பங்காளிகள் எல்லாருக்கும் உரிமை, தொடமாட்டார்கள். சீரில் வந்தது என்றால் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். அப்போதும் பிள்ளைகளுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு, விற்றுத் தருவதாக எடுத்து வருவார்கள். விற்ற பணத்தில் வேலைக்கூலியும் பத்தில் ஒரு பங்கும் இவர்களுக்கு, மீதி உடைமைக்காரருக்கு. லாபம் குறைவுதான். "ஆனா அந்த வீட்ல அடுத்த சாமானும் நம்மகிட்டதான் வரும்" என்றான் தம்பி. வியாபாரமும் தெரிந்த நியாயம்!

பெட்டகத்தின் மூடியைத் திறந்து காட்டினாள். உட்பக்கம் பென்சிலால் ஏதோ கணக்கு. அண்டா 2, குத்துவிளக்கு 4, தூக்கு 12 என்று வரிசை. கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதியதாக இருக்கலாம். உள்பக்கத்துக்கு மட்டும் அவள் உப்புத்தாள் போடவில்லை. "வாங்கறவங்க அழிச்சுக்கட்டும். எனக்குக் கை வரலை" என்றாள்.

எங்களுக்குக் கிடைத்தது

எங்களுக்குத் தொட்டில் கிடைத்தது. கிளி இல்லை, வண்ணம் இல்லை. பெயின்டே படாத சாதாரணத் தேக்குத் தொட்டில். தம்பி அளவுகோல் வைத்துக் கம்பிகளின் இடைவெளியைப் பார்த்தான். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்பதால், அகலமாக இருந்த இரண்டு இடத்தில் புதுக் கம்பி சேர்த்துத் தருகிறேன் என்றான். மேலே அரக்கு மட்டும். மாத்திரைக்கு மேல் பூசுவதும் அரக்குத்தானே, ஸ்பிரிட் முழுக்க ஆறிய பிறகு குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பதினைந்து நாளில் லாரியில் போட்டுவிடுவதாகச் சொல்லி முன்பணம் பாதிதான் வாங்கினாள்.

என் கணவர் விலையில் இருநூறு குறைக்கப் பார்த்தார். தம்பி மனைவி முகத்தைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். குறையவில்லை.

நீங்கள் காரைக்குடிப் பக்கம் போனால் கொப்புடையம்மனைக் கும்பிடுங்கள். கானாடுகாத்தானில் வீடுகளைப் பாருங்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றுவதை நின்று ரசியுங்கள். பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் கையில் ஓர் அளவு நாடா, ஒரு டார்ச், கொஞ்சம் வெள்ளைத்துணி எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டு வாசல் அகலத்தை முதலிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டகம் வாங்கிவிட்டு வாசலில் நின்று திருதிருவென்று முழித்தவர்கள் கதை அந்தத் தெருவில் நிறைய உண்டு.

குழந்தை உள்ள வீடு என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். இன்றைக்கே உங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பு, கதவு, கட்டில் கால், பரணில் இருக்கும் பாட்டி காலத்து நடைவண்டி எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். பழைய பெயின்ட் உரிந்திருந்தால் நகத்தால் கூடச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, குழந்தையின் கட்டிலை அங்கிருந்து தள்ளிப் போடுங்கள். சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை காரணமில்லாமல் வெளுத்து, வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் வீட்டில் நடக்கும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.